செல்வி அனுப்பாமல் வைத்திருந்த ஃபைல்

ஹாம்பர்க்கில் மதியமானால் அலுவலக நடைவழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "மால்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். வந்த புதிதில் நான் நின்று, "இன்னும் சாப்பிடவில்லை, நீங்கள்?" என்று அக்கறையாகக் கேட்டேன். அந்த மனிதர் மிரண்டுபோய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது வெறும் வணக்கமாம். எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் "துன்னியா?" என்று கேட்டவர் பதில் வரும்வரை நகரமாட்டார். இங்கே பதிலுக்காக யாரும் நிற்பதில்லை. எனக்கு அது இன்றுவரை எரிச்சல்தான்.

என் கம்பெனி பம்பு செய்கிறது. ஓர் உதிரி பாகத்தைப் பதிய என்னென்ன விவரம் வேண்டும், எது எண், எது எழுத்து, எதைக் காலியாக விடக்கூடாது என்று சொல்லும் வரையறைகள் பழைய சிஸ்டத்தில் இருந்தன. அவற்றைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றுவது என் வேலை. பட்டன் எதுவுமில்லாத கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் பழையதிலிருந்து ஃபைல் இறங்கும். இன்னொரு கட்டளையில் அது புதியதில் ஏறும். இறக்கி அனுப்புவது திருப்பதியில் இருந்த சிறு குழு. நானும் அங்கிருந்து வந்தவன்தான். நான் விட்டுவந்த நாற்காலியில் என் தங்கை செல்வி இருந்தாள்.

எங்கள் வீட்டில் கூலி வேலைக்குப் போகாத முதல் பெண் அவள். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவள், அந்தக் கட்டளைகளை என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள். திருப்பதியிலேயே அலிபிரி பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். வரையறைகள் முழுதும் இங்கே வந்துவிட்டால் அந்தக் குழு யாருக்கும் தேவையில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் புதிய சிஸ்டத்தில் ஏற்றும் வேலை பாதியில் நின்றது. நீளம், எடை போன்ற அளவுகளுக்கான வரையறை முதலில் ஏறியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. அது வரவே இல்லை. "மறந்திருப்பார்கள்" என்றார் மேலாளர். செல்வி மறக்கிறவள் இல்லை. போன் செய்தேன்.

"அளவு ஃபைல் வரலியேம்மா. மறந்துட்டியா?"

"காணிப்பாக்கத்துல நிக்கவச்சிக் கேட்டாலும் சொல்வேன், வேணும்னுதான் வுட்டேன். அது இங்க இருக்கிற வரைக்கும்தான அண்ணா எங்களுக்கு வேலை?"

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. அடுத்து அவள் கேட்டாள்.

"நான் அனுப்பலைன்னா உனுக்கு இன்னா ஆவும்?"

"வேலை போய்டும். விசாவும் அதோட போய்டும்."

"சரே. பண்ணிக்கினு இருக்கேன், இரு."

ஃபைல் வந்தது. ஏற்றினேன். முடிந்தது என்று திரையில் ஒரு வரி. "ஒத்துழைப்பான குழு" என்று மேலாளர் மெச்சினார். அனுப்பியது என் தங்கை என்றேன். "அப்படியா, அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்" என்றார். நான் அதற்கு ஜெர்மனில் நன்றி சொன்னேன்.

கோடையில் ஊருக்குப் போனபோது குழு கலைந்திருந்தது. செல்வி வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். பழைய சிஸ்டம் தெரிந்தவள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நைனாவோடு சித்தூருக்கே திரும்பி, மாங்கூழ் ஃபேக்டரியில் பழம் அறுக்கப் போகிறாள். மாம்பால் பட்டு விரலெல்லாம் புண். அந்தக் கையால் எனக்குக் காபி கொண்டுவந்தாள். நான் அலுவலகக் கூட்டத்துக்காக லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தேன்.

"நான் அனுப்புன அளவெல்லாம் கரெக்டா ஓடுதா அண்ணா?"

"ஓடுது."

"தப்பு ஒண்ணும் வரலியே?"

"வரல."

தலையாட்டினாள். அவள் முகத்தில் பெருமை இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அதற்குள் திரையில் ஹாம்பர்க் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. கேமராவில் விழாமலிருக்கச் செல்வி குனிந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளியே போனாள். திரையில் எங்கள் வீட்டுச் சுவருக்கு முன்னால் நான் மட்டும் இருந்தேன்.