புது ரெயிலில் ஒரு குருத்தோலை: மொன்றியலில் இருந்து ஹலிஃபக்ஸ் வரை

இந்தப் பயணத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பதிவுகளை வாசிக்கிறவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று தெரியும். லிஃப்டில் தனியாக ஏறமாட்டேன். மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவு, வீடு வாங்கிய நாளிலிருந்து ஓர் இரவுகூடச் சாத்தப்பட்டதில்லை. அப்படிப்பட்டவள் கடந்த ஜூன் மாதம் ஒரு சொகுசுப் படுக்கை ரெயிலின் முதல் ஓட்டத்தில் போனேன் என்றால் அதற்கு ஒரே காரணம் என் கணவர் அன்ரன்.

அவர் வேலை செய்த களஞ்சியத்தைப் போன வருடம் மூடிவிட்டார்கள். ஐம்பத்துநாலு வயதில் யார் வேலை தருவார்கள்? கடைசியில் இந்தப் புதிய ரெயிலில் பெட்டிப் பணியாளராக எடுத்தார்கள். ஒரு பெட்டி முழுக்க அவர் பொறுப்பு: படுக்கை விரிப்பது, கோப்பி கொடுப்பது, ஆட்களைக் கவனிப்பது. தகுதிகாண் காலம் ஆறு மாதம். முதல் ஓட்டத்தில் மேலிடத்து ஆட்களும் பத்திரிகைக்காரரும் வருவார்கள், அன்றைக்கு ஏதும் பிசகினால் வேலை போய்விடும் என்று மனுசன் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மீதியிருந்த அறைகளை ஊழியர் குடும்பங்களுக்குச் சலுகை விலையில் கொடுத்தார்கள். "நீர் பக்கத்திலை இருந்தால் எனக்குத் தைரியம்," என்றார். என்னிடம் போய்த் தைரியம் கேட்கிறார், பாருங்கள்!

கதவு சாத்திய இடத்தில் எனக்கு ஏன் நித்திரை வராது என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவுக்கு வரும் வழியில், எனக்கு இருபத்திரண்டு வயதில், கிழக்கு ஐரோப்பாவில் எங்கோ ஒரு லொறியின் பின்பெட்டிக்குள் எங்களை ஏற்றி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். ஓடும்போது பரவாயில்லை, நின்றால்தான் பயம். ஒருமுறை நின்ற லொறி கிளம்பவேயில்லை. சத்தம் போடக்கூடாது என்று எங்களைக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். மூச்சு முட்டியது. அந்த இருட்டுக்குள் யாரோ ஒருவர் மிக மெல்லிய குரலில் செபமாலையைத் தொடங்கினார். ஒருவர் முன்பாதியைச் சொன்னால் மற்றவர் பின்பாதியைச் சொல்வது எங்கள் வழக்கம். நான் பின்பாதியைச் சொன்னேன். கதவு திறந்து வெளிச்சம் வந்த பிறகுதான் அந்தக் குரலுக்குரிய முகத்தைப் பார்த்தேன். அது அன்ரன்.

சரி, பயணத்துக்கு வருவோம். பியர்பொன்ட்ஸிலிருந்து நகர மத்தியிலுள்ள ரெயில் நிலையம் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். அன்ரன் காலையிலேயே போய்விட்டதால் நான் எங்கள் தெருவில் இருக்கும் சிவம் அண்ணையின் டாக்ஸியில் போனேன். வாடகை 65 டொலர். பெட்டி படுக்கை இல்லாதவர்கள் உள்ளூர் ரெயிலிலேயே வரலாம், மலிவு.

சிவம் அண்ணைக்கு வாய் சும்மா இருக்காது. "ரெயிலுக்கை படுக்கவோ தங்கச்சி இவ்வளவு தூரம் போறியள்? வீட்டிலை கட்டில் இல்லையோ?"

"முதல் ஓட்டம் அண்ணை. புத்தம் புது ரெயில்."

"புதுசோ? சில்லுக்குத் தேசிக்காய் வைச்சவங்களோ? நான் இந்தக் காரை எடுத்த அண்டைக்கு நாலு சில்லுக்கும் வைச்சுத்தான் உருட்டினனான். அது சரி, உங்கடை கத்தோலிக்க ஆக்களெண்டால் சுவாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிப்பியள். அதெண்டாலும் செய்தவங்களோ?"

மனுசன் பகிடிக்குத்தான் கேட்டார். நான் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

நிலையத்தில் வயலின் வாசித்தார்கள், ஷாம்பெய்ன் ஊற்றினார்கள், நாடா வெட்டினார்கள். ஒரு பெரியவர் பேசினார்: இவ்வளவு பெரிய நாட்டில் பயணிகள் ரெயில் கைவிரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான் ஓடுகிறது, அதில் இது ஒரு புதிய தொடக்கம் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நான் சுவாமியாரைத் தேடிக்கொண்டு நின்றேன். ஒருவரும் இல்லை, ஒரு சொட்டுத் தீர்த்தம் இல்லை.

மாலை 6.30க்கு ரெயில் புறப்பட்டது. ஹலிஃபக்ஸ் வரை ஏறக்குறைய 1,350 கிலோமீற்றர். எனக்கு ஏழாம் அறை. அறை அழகுதான், பொய் சொல்லக்கூடாது. மரப் பலகை பதித்த சுவர், வெள்ளை விரிப்பு, சின்னக் குளியலறை, முழு நீளத்துக்கு ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் அவசரத்துக்குக் கண்ணாடி உடைக்க ஒரு சிவப்புச் சுத்தியல். கதவு பக்கவாட்டில் நகர்ந்து சுவருக்குள் போகும் வகை.

பழைய பாலத்தில் ஆற்றைக் கடக்கும்போது அன்ரன் வந்தார். நீலக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக, கலியாணத்தன்றுகூட அவ்வளவு எடுப்பாக இருந்ததில்லை. முகம் மட்டும் வெளிறியிருந்தது.

"ஜெசி, கதவைச் சாத்தி வையும். எல்லா அறையும் சாத்தியிருக்கோணுமெண்டு மனேஜர் சொல்லிப்போட்டா. இண்டைக்கு மட்டும்."

"இரவு முழுக்கவோ?"

"நான் பெட்டியின்ரை கடைசித் தொங்கலிலைதான் இருப்பன். மணியை அமத்தினால் ஓடி வருவன்."

அவருக்காகச் சாத்தினேன். சாத்தியதும் கைப்பையைத் திறந்தேன். அதில் குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலைச் சிலுவை எப்போதும் இருக்கும். புது வீட்டுக்குப் போனாலும் புதுக் கார் வாங்கினாலும் அதைத்தான் நிலைக்கு மேல் செருகுவோம். தீர்த்தம் தெளிக்காத ரெயிலுக்கு இதாவது இருக்கட்டும் என்று கதவோரம் பார்த்தேன். மேலே சுவரும் கதவும் சேரும் இடத்தில் அளவான ஓர் இடுக்கு. அதற்குள் ஓலையைச் செருகிவிட்டு ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது.

இரவுச் சாப்பாடு 8 மணிக்கு. கடல் நண்டு, காளான் சூப், ஏதோ ஒரு பழப்பாகு. எல்லாம் நல்ல சாப்பாடு, ஆனால் என் அறைக்கே கொண்டுவரச் சொன்னேன், நான் பயந்துபோய் இருப்பதைக் கூட்டத்தில் யாரும் பார்க்க வேண்டாம் என்று. தட்டை அன்ரனிடம் வாசலில் வைத்து வாங்கியபோது கதவைக் கொஞ்சந்தான் திறந்தேன், அது கரகரத்தது. புதுசுதானே, இறுக்கமாக இருக்கும் என்று நினைத்தோம். திரும்பச் சாத்தும்போது இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

நான் நித்திரை கொள்ளவில்லை. ரிமூஸ்கி ஊரைத் தாண்டி, ரெயில் அதுவரை பக்கத்தில் வந்த ஆற்றை விட்டு மத்தபீடியாப் பள்ளத்தாக்குக்குள் திரும்பியபோது விடியத் தொடங்கியது. வெளியே பனிப்புகாரும் ஊசியிலை மரங்களும் தவிர ஒன்றுமில்லை. இங்கே ஒற்றைத் தண்டவாளம், சரக்கு ரெயில் வந்தால் பயணிகள் ரெயில் பக்கவழியில் ஒதுங்கி நிற்க வேண்டும். அதிகாலை 4.50க்கு எங்கள் ரெயில் ஒதுங்கி நின்றது.

நின்ற கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. குளிரூட்டியின் இரைச்சல் நின்றது. அந்த அமைதியை நான் அறிவேன். முப்பது வருடமாக அதற்குத்தான் பயந்துகொண்டிருக்கிறேன். எழுந்து போய்க் கதவை இழுத்தேன். ஒரு விரல் அகலம் நகர்ந்தது, பிறகு அசையவில்லை. மணியை அழுத்தினேன், மின்சாரம் இல்லாமல் மணி எப்படி அடிக்கும்? தொலைபேசியில் சிக்னல் இல்லை. இரண்டு கையாலும் கதவில் அடித்தேன்.

"ஜெசி! நான்தான். என்ன, திறக்குதில்லையோ?" அன்ரன் வெளியே இருந்து இழுத்தார். தோளால் தள்ளினார். கதவு இறுகிப்போயிருந்தது.

"எனக்கு மூச்சு எடுக்கேலாமல் இருக்கு. நான் கண்ணாடியை உடைக்கப் போறன்."

அவர் இன்னொருமுறை கதவை இழுத்தார். சுத்தியல் அதற்குள் என் கையில் இருந்தது. முதல் ஓட்டத்தில், பத்திரிகைக்காரர் இருக்கும் ரெயிலில், அவருடைய பெட்டியில், அவருடைய மனைவியே ஜன்னலை உடைத்தால் அந்த நீலக் கோட்டை அன்றைக்கே கழற்ற வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சுத்தியலைக் கீழே வைக்க முடியவில்லை.

"உடைக்கோணுமெண்டால் நீர் உடையும்," என்றார் அன்ரன். "வேலை கிடக்கட்டும். ஆனா ஜெசி, ரெண்டாம் அறையிலை ஒரு வயசான மனுசி மூச்சு மெசினோடை படுத்திருக்கிறா. கரண்ட் இல்லை. நான் அவவைப் போய்ப் பாக்கோணும்."

"என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ!"

"விட்டிட்டுப் போகேல்லை. நான் சொல்லிக்கொண்டு போறன், நீர் மறுமொழி சொல்லும். என்ரை சத்தம் கேக்கும்."

பணியாளர் குரல் பயணிகள் காதில் விழக்கூடாது என்று இரண்டு மாதம் பயிற்சி எடுத்த மனுசன், அந்த விடியற்காலையில், நடைபாதை முழுக்கக் கேட்கும்படி செபமாலையில் வரும் அருள் நிறை மந்திரத்தின் முன்பாதியைச் சொல்லிக்கொண்டு நடந்தார். நான் கதவில் வாயை வைத்துப் பின்பாதியைக் கத்தினேன். அவர் ரெண்டாம் அறைக்குள் போன பிறகும் குரல் வந்தது, கொஞ்சம் தூரத்தில். யாரோ பிரெஞ்சில் அதட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை.

அப்போது சரக்கு ரெயில் வந்தது. ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல். அறை முழுக்க அதிர்ந்தது. அன்ரனின் குரல் அந்த இரைச்சலுக்குள் போய்விட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை, லொறியில்கூட. அங்கே பக்கத்தில் ஆட்களின் உடம்புச் சூடாவது இருந்தது. சுத்தியலை ஓங்கினேன். ஓங்கிய கையோடு பின்பாதியைச் சொன்னேன். அவர் முன்பாதியைச் சொல்லும் அளவுக்குப் பொறுத்தேன். திரும்ப என் பாதியைச் சொன்னேன். கேட்காத குரலுக்கு இடம் விட்டு விட்டு, அப்படியே சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டி போனதும், நான் விட்ட இடைவெளிக்குள் அவருடைய முன்பாதி சரியாக வந்து விழுந்தது. அவரும் நிறுத்தவேயில்லை.

சுத்தியலை அதன் கொக்கியில் மாட்டிவிட்டுத் தரையில் குந்தியிருந்து அழுதேன்.

5.20க்கு விளக்கு வந்தது. ரெண்டாம் அறை அம்மாவின் மெசினை அன்ரன் மேலதிக பற்றரியில் மாற்றியிருந்தார், அந்த அம்மா சுகம். மெக்கானிக் வந்து கதவின் மேல்பலகையைக் கழற்றிச் சின்ன இடுக்கியால் எதையோ இழுத்தார். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. அவர் கையில் என் குருத்தோலை, கசங்கிச் சுருண்டு.

மனேஜர் லூசி பின்னால் நின்றார். கண்டிப்பான பெண், சிரித்து நான் பார்க்கவில்லை. "இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டார். அன்ரன், "என்னுடைய பிழை, மேடம்," என்று தொடங்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லை, நான்தான் வைத்தேன். அவருக்குத் தெரியாது," என்று எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். ஏன் வைத்தேன் என்பதையும், லொறியையும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

லூசி ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் அம்மாவும் இதைச் சமையலறைச் சிலுவைக்குப் பின்னால் வைத்திருப்பார்," என்றார். பிறகு அன்ரனிடம், "சத்தம் போட்டதற்கு இரண்டு பயணிகள் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். நான் எழுதத்தான் வேண்டும். ரெண்டாம் அறையில் நீங்கள் செய்ததையும் எழுதுவேன்," என்றார். ஓலையை என் உள்ளங்கையில் வைத்து, "தயவுசெய்து கதவில் மட்டும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹலிஃபக்ஸுக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். துறைமுகம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இரண்டு நாள் தங்கினோம், மழை பெய்தது, ஊரைப் பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். முழுக் கட்டணம் ஓர் அறைக்கு 1,900 டொலர், சாப்பாடு அதற்குள். நடு அறைகளைக் கேளுங்கள், சில்லுக்கு மேலுள்ளவை ஆட்டும். பள்ளத்தாக்கில் தொலைபேசி வேலை செய்யாது, முன்கூட்டியே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். மூச்சு மெசின் உள்ளவர்கள் சொந்தப் பற்றரி கொண்டுபோங்கள். தட்டைவடை கொஞ்சம் கட்டிக்கொண்டு போனால் நல்லது, அவர்களுடைய சாப்பாட்டில் உறைப்பு கிடையாது. பயம் உள்ளவர்கள் பணியாளரிடம் முதலே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்ரன் இன்னும் அதே பெட்டியில்தான் இருக்கிறார். குரல் உயர்த்தியதற்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது, வேலை நிரந்தரமானது. இப்போது புறப்படும் முன் ஒவ்வொரு கதவின் மேல் இடுக்கையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி.

திரும்பி வரும்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நான் பஸ்ஸில் வருவதாகத்தான் இருந்தேன். கடைசியில் அதே ஏழாம் அறையில் ஏறினேன். இரவு அன்ரன் வாசலில் வந்து கதவில் கை வைத்தபடி நின்றார்.

"சாத்தவோ, விடவோ?"

"சாத்துங்கோ," என்றேன். "சத்தமாச் சொல்ல வேண்டாம், பேந்து முறைப்பாடு வரும். மெல்லச் சொல்லுங்கோ. எனக்குக் கேக்கும்."

கதவைச் சாத்தினார். நடைபாதையில் அவர் முன்பாதியைத் தொடங்கினார், லொறிக்குள் சொன்ன அதே அளவுக் குரலில். நான் பின்பாதியைச் சொன்னேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஆகவே திரும்பும் வழியில் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது, ஆறு எங்கே தெரிந்தது என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். நான் மொன்றியல் வரை நித்திரை.