மூன்று உதை தூரம்

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

நூலகப் படிக்கட்டின் எதிரே நின்று எண்ணுகிறார் அந்த அம்மாள். ஸ்கேட்போர்டில் வருகிற பெண் ஒரு காலால் தரையை உந்துவதைத்தான் எண்ணுவது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் உதை. மூன்றாவது உதைக்குப் பிறகு அவள் இரண்டு கால்களையும் பலகைமேல் ஏற்றி, குனிந்து, படியிலிருந்து தாவுகிறாள். பலகை இறங்கிய இடத்தில் இவர் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார். அவள் தடுமாற்றம் தீர்ந்து மறுபடி கால் ஊன்றும் இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளியை நாடா பிடித்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

நகராட்சிப் பொறியாளர். வயது ஐம்பத்திரண்டு. ஊரிலுள்ள வேகத்தடைகளில் பாதிக்கு மேல் அவர் போட்டவை. அலுவலகத்தில் 'மேட்டு மேடம்' என்றால் கடைநிலை ஊழியருக்கும் தெரியும். "சக்கரத்தை நிறுத்தச் சொன்னா நிறுத்திடுவேன். ஓட விடத்தான் எனக்குத் தெரியல" என்று தானே சொல்லிக்கொள்வார். அதில் அடக்கம் எதுவும் இல்லை, நடந்ததைத்தான் சொல்கிறார்.

நான்கு வருஷத்துக்கு முன் ஸ்கேட்போர்டுக்காரர்களுக்காக அவர் ஒரு ஸ்கேட் பூங்கா கட்டினார்; அதுதான் அந்தக் கதை. ஏறித் தாவ, வழுக்கிச் செல்ல என்று சரிவு, பெட்டி, கம்பி எனக் கிடைத்ததையெல்லாம் நெருக்கி வைத்தார். வழுக்கக் கூடாதே என்று, நடைபாதைக்குச் செய்வதுபோல, ஈரக் கான்கிரீட்டைத் துடைப்பத்தால் வரிவரியாகக் கீறச் சொன்னார். திறந்த ஒரு வாரத்தில் எல்லோரும் நூலகப் படிக்கே திரும்பிவிட்டார்கள்.

"ஏம்மா, அங்க வர மாட்டேங்குறீங்க?" என்று போய்க் கேட்டார். படியில் தாவும் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள்; முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள்.

"இறங்கின உடனே அடுத்த சாமான் மூஞ்சில வந்து நிக்குதுக்கா. காலைச் சரி பண்ணிக்க இடமே இல்ல. தரை வேற கடகடன்னு பல்லை ஆட்டுது."

அன்று பிடித்ததுதான் இந்த எண்ணிக்கை. வீடு திரும்பினால், மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் வாசலிலேயே கேட்பார்: "இன்னிக்கு எத்தனை உதை?"

"இருநூத்தி பதினாலு."

"கொடுத்து வெச்சவ."

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றை இழுத்து, தாழ்வாரத்தில் தள்ளிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் வந்தால் "குறட்டை விடுது." வராவிட்டால் "நல்லா தூங்குது." தரைக்கு அவரிடம் இந்த இரண்டே தரம்தான்.

பூங்காவை இடித்துக் கட்டப் புதிய வரைபடம் போட்டபோது மேலதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நடுவுல இவ்வளவு இடம் சும்மா கிடக்கே? ரெண்டு பெஞ்சு, ஒரு பூத்தொட்டி வைங்க மேடம்."

"சும்மா கிடக்கல சார். ஒண்ணுலேர்ந்து இறங்கி அடுத்ததுக்குப் போறவங்க அங்கதான் காலை மாத்துறாங்க. மூணு உதை தூரம். குறைச்சா விழுவாங்க."

"இந்தத் தடவையும் யாரும் வரலைன்னா?"

"கார் நிறுத்த விட்டுடுங்க. நானே கோடு போட்டுத் தர்றேன்."

வாய் தவறி வந்துவிட்டது. மேலதிகாரி அதைக் கோப்பிலேயே எழுதிக்கொண்டார்.

போன சனிக்கிழமை திறந்தார்கள். பத்து மணிவரை ஈ காக்கை இல்லை. மேலதிகாரி மைதானத்தை நீளவாக்கில் பார்த்தார், பிறகு அகலவாக்கில் பார்த்தார். எத்தனை கார் பிடிக்கும் என்றுதான் பார்க்கிறார் என்பது இவருக்குப் புரிந்தது.

பத்தரைக்கு ரத்தப் பரிசோதனைக்காரி தனியாக வந்தாள். வந்தவள் பலகையைக் கீழே வைக்கவில்லை. மண்டியிட்டுத் தரையைப் புறங்கையால் தடவினாள். கன்னத்தைச் சாய்த்துச் சரிவின் வளைவைப் பார்த்தாள். அதன் பிறகே ஏறினாள். மூன்று உதை, பெட்டிமேல் தாவி, விளிம்பில் வழுக்கி இறங்கினாள். கொஞ்சம் ஆடினாள். காலை மாற்றினாள். அடுத்த சரிவுக்கு இன்னும் இடம் மிச்சம் இருந்தது. சக்கரச் சத்தமே கேட்கவில்லை. பொறியாளருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எதிர்க்கோடியில் நின்று அவள் கைபேசியை எடுத்தாள். "படிக்கட்டை விட்டுட்டு வாங்கடா. ஆமாடா, எல்லாரும்தான்!"

மதியத்துக்குள் முப்பது பேர். மேலதிகாரி மைதானத்தின் நடுவுக்கே இவரைத் தேடி வந்து, "பரவாயில்லையே மேடம், நான்கூட என்ன நெனச்சேன்னா..." என்று தொடங்கினார்.

"அக்கா, தள்ளுங்க! வழியில நிக்கிறீங்க!"

கத்தியது யாரென்று பார்க்க நேரமில்லை. பொறியாளர் இருபத்தாறு வருஷ சர்வீஸில் முதல்முறையாக மேலதிகாரியின் சட்டைக் கையைப் பற்றி, சிரிப்பை அடக்க மாட்டாமல், அவரைத் தரதரவென்று ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.