சபைக்கு முதுகு காட்டிய நாள்

“அக்கா, உங்கட மனுசன் கடலிலை. நீங்கள் ஏன் தென்னைமரத்தைப் பாத்து அழுறீங்கள்?”

கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்த டைரக்டர் திரும்பவும் கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் எங்கள் கோயில் முற்றத்து நாடகத்தில் மாதாவாக நின்று திருகோணமலையையே அழவைத்தவள் நான். சபைக்கு முதுகு காட்டக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். சிலுவை பின்னால் இருந்தாலும் முகம் சனத்தின் பக்கம்தான். மாரில் அடிக்கிற அடி கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்.

இந்தப் படத்தில் எனக்கு, காற்றில் அகப்பட்ட கணவனின் வள்ளத்துக்காகக் கரையில் காத்து நிற்பவளின் வேடம். கமராவைத் தென்னைகளின் அடியில் வைத்திருந்தார்கள். அதுதான் எனக்குச் சபை.

“முகத்தைக் காட்டாமல் என்னெண்டு நடிக்கிறது?” என்றேன்.

“நடிக்க வேண்டாம் அக்கா. கடலைப் பாருங்கோ, அதுவே காணும்.”

“நடிக்க வேண்டாமெண்டால் என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?”

அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிலிம் முடியப்போகிறது, இனியும் சரிவராவிட்டால் இந்தக் காட்சியே வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

இந்த இழுபறியில் வாடைக்காற்று எழும்பியதை நான் கவனிக்கவில்லை. கோட்டைப் பாறைக்கு அப்பால் வானம் கறுத்திருந்தது. விடியவே கடலுக்குப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாக ஓடிவந்து கரையேறின. அன்று கடலுக்குப் போயிருந்த என் சொந்தக் கணவரின் வள்ளம் அவற்றில் இல்லை. வலையை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“விடியக் கண்டது தங்கச்சி. பிறகு காணேல்லை” என்றார்.

அலை காலில் அடிக்கும் இடத்துக்குப் போய் நின்றேன். மாரில் அடிக்க ஞாபகம் வரவில்லை. வாயில் சத்தமும் இல்லை. சேலைத் தலைப்பை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பின்னால் கமரா ஓடும் சத்தம் கேட்டது. என் மனுசன் இருக்கிறாரோ இல்லையோ, இவர்களுக்குப் படம்! திரும்பி நன்றாகக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கண்ணை எடுத்தால் வள்ளம் வராமலே போய்விடும் என்று பயந்தேன். அசையவில்லை.

கடைசியில் பாறையைச் சுற்றிக்கொண்டு வள்ளம் வந்தது. இவர் உள்ளே நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கரையில் கால் வைத்ததும் இவரை வாயில் வந்தபடி ஏசினேன். டைரக்டர் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார்.

“அக்கா, கேளாமல் எடுத்துப்போட்டம். வேண்டாமெண்டால் வெட்டி எறியிறன்.”

“முதுகுதானே. வைச்சிருங்கோ” என்றேன்.

படம் வந்ததும் நானும் என் கணவரும் போய்ப் பார்த்தோம். திரையில் என் முகமே இல்லை. வெறுங்கடல், படபடக்கும் சேலை, என் முதுகு. பாட்டில்லை, வசனமில்லை; வெகுநேரம் அதுவே நின்றது. விசிலடித்துக்கொண்டிருந்த முன்வரிசைகூட அடங்கிப்போயிருந்தது. நான் முற்றத்தில் மாரடித்து வாங்கிய அழுகையெல்லாம் இந்த அமைதிக்குக் கிட்ட வராது. டைரக்டருக்குத் தன் தொழில் தெரிந்திருந்தது என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டேன்.

பக்கத்தில் இவர் வறுத்த கடலை கொறிப்பதை நிறுத்தியிருந்தார்.

“நான் கரைக்கு வரேக்கை உன்ரை முகத்தைத்தான் கண்டிருக்கிறன்” என்றார் மெதுவாக. “ஒவ்வொரு நாளும் இப்பிடியோ நிக்கிறனீ?”

“ஓம்” என்றேன். அன்று கரையில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.