லோல்படுவது என்றால் என்ன?

போன செவ்வாய்க்கிழமை ஆரணி பஸ் ஸ்டாண்டில் தேவகி அம்மாவைப் பார்த்தேன். முள்ளிப்பட்டில் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்பவர். கையில் ஒரு ஃபைல், காலெல்லாம் புழுதி.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"ஒரு மாசமா லோல்பட்டுகினு கீறேங்க."

என் கெட்ட புத்தி... வார்த்தை கிடைத்தால் விடமாட்டேனே! 'லோல' என்றால் வடமொழியில் ஓரிடத்தில் நில்லாமல் ஆடுவது, காதில் ஆடும் லோலாக்கும் அதற்குச் சொந்தம்தான் என்று அங்கேயே வகுப்பெடுத்தேன்.

"எங்கேர்ந்து வந்தா என்னாங்க... எங்கூட்டுல வந்து குந்திகினு எழுந்திரிக்க மாட்டேங்குது."

வகுப்பை அங்கேயே முடித்துக்கொண்டு, என்ன விஷயம் என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். அவர் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். நெசவாளர் அட்டை இருந்தால் காப்பீட்டில் நடந்துவிடும். அட்டையைப் புதுப்பிக்கும் முன் தறி ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஆபீஸர் வந்தார். வந்த நாள் — அமாவாசை!

அமாவாசையன்று இங்கே கைத்தறியில் யாரும் உட்கார மாட்டார்கள். டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அந்த ஆபீஸருக்குத் தெரியாதா?

"நாளைக்கு வந்து பாருங்க சார்னு கெஞ்சினேங்க. ஃபாரத்துல ரெண்டே கட்டம்தாம்மா, ஓடுது, ஓடலை... அமாவாசைக்குக் கட்டம் இல்லன்னுட்டாரு."

'ஓடலை' என்று போனதில் அட்டை நின்றுபோக, மறுபடி வந்து பார்க்கச் சொல்லி மனு கொடுத்தார். அன்று ஆரம்பித்த அலைச்சல். ஓர் ஆபீஸ் இன்னோர் ஆபீஸைக் கை காட்டியது. அது திரும்ப முதல் ஆபீஸையே காட்டியது. கணவரால் தறியில் உட்கார முடியாது. இவரோ பாதி நாள் பஸ்ஸில். பிறகு நெய்வது யார்? தறி ஓடுகிறது என்று நிரூபிக்க அலைந்ததில், தறி நிஜமாகவே நின்றுவிட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து கணவர். மனுவைப் பார்த்துவிட்டு, அதே ஆபீஸர் மறுபடி வந்திருக்கிறாராம் — சொல்லாமல் கொள்ளாமல். தேவகி அம்மாவோ, அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்கப் போக, இங்கே பஸ்ஸுக்கு நிற்கிறார்.

"ஆட்டோ புடிச்சி ஜல்தியா வந்துடறேன், அவர நிக்கச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

ஆபீஸர் நிற்கவில்லை. 'ஓடலை'யில் டிக் அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டாராம்.

தேவகி அம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அழவில்லை. அந்தச் சொல்லின் ஊர், பேர், சொந்தபந்தம் எல்லாம் ஒப்பித்த நான், ஒரு டீ வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு மாதமாக ஓடியது இந்த அம்மாதான். அதற்கும் அந்த ஃபாரத்தில் கட்டம் இல்லை!