தட்டான் குஞ்சுகளுக்கு வைத்த பொட்டு

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அன்று, வ. புதுப்பட்டி பஸ் நிறுத்தத்தில் நடந்தது இது. அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. ஆற்றில் பாதரசம் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது என் வேலை. தண்ணீரை மட்டும் எடுத்துப் பார்த்தால் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு வேறொன்று சொல்லும். தட்டான்பூச்சி அப்படி இல்லை. சிறகு முளைக்கும்வரை குஞ்சாகத் தண்ணீருக்கடியில் கிடந்து, அகப்பட்டதைத் தின்று வளரும். ஆற்றில் பாதரசம் இருந்தால் அதன் உடம்பில் சேர்ந்துவிடும்.

அதைப் பிடிக்கப் போகும் நாளில் எனக்குப் பவுடர் கிடையாது, பொட்டு கிடையாது. குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறதோ, குஞ்சின் மேல் துளி பட்டாலும் கணக்கு தப்பிவிடும்.

அன்று வானம் கறுத்திருந்தது. மழை இறங்கினால் வெள்ளம் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போய்விடும், அடுத்த வருடம்தான் மறுபடி பிடிக்க முடியும். பண்டிகையும் பாராமல் காலையிலேயே பிடித்து, கவர்களில் போட்டு, ஐஸ் பெட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து மதுரை போக வேண்டும்.

வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் கண்டக்டர் சந்தனம், குங்குமத் தட்டோடு நின்றார். "என்ன தாயி, நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட வாரே? இந்தா, வச்சுக்கோ."

"இந்த வேலைக்குப் பொட்டு ஆகாதுண்ணே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பஸ் கிளம்ப நேரமிருந்தது. பெட்டியை டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு, இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் பெட்டி திறந்து கிடக்கிறது! ஸ்டியரிங்குக்கும் டிக்கெட் மெஷினுக்கும் வைத்த கையோடு, என் கவர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். ஒன்றைக்கூட விடவில்லை மனுஷன்.

"நீதான் வேண்டாம்னுட்டே. பாவம், அதுகளாச்சும் வச்சுக்கிடட்டும்னு வச்சேன். எம்புட்டு அழகா இருக்கு பாரு!"

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் திட்ட வாய் வராது. விஷயத்தைச் சொன்னேன். "கெடுத்துப்புட்டேனா தாயி?" என்றவர், பெட்டியைத் தானே மூடி வைத்தார்.

ஒவ்வொரு குஞ்சையும் இரண்டு கவருக்குள் போட வேண்டும் என்பது என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்தின் சட்டம். வீண் வேலை என்று நான் முணுமுணுத்ததுண்டு. ஆய்வகத்தில் வெளிக்கவர்களை உரித்துப் போட்டோம். வழியில் வெளியிலிருந்து ஏதாவது உள்ளே கலந்ததா என்று பார்க்க, குஞ்சே இல்லாத வெறும் கவர் ஒன்றும் உடன் போகும். அதற்கும் பொட்டு வைத்திருந்தார் அண்ணன்! முதலில் அதைத்தான் சோதித்தோம். உள்ளே எதுவும் படவில்லை. பிறகு குஞ்சுகளைச் சோதித்ததில், ஆற்றிலும் பயப்படும்படி எதுவும் இல்லை.

அடுத்த முறை பஸ்ஸில் அவரிடம் இதைச் சொன்னதும், "நான் பொட்டு வச்சேன்ல, பொறவு எப்படிக் கெடும்?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

இப்போதும் உள்கவரில் தூசு படவிடுவதில்லை நான். ஆனால் ஆயுத பூஜை வந்தால் ஐஸ் பெட்டியின் மூடிக்கு வெளியே நானே ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன். அன்பு வந்து ஒட்டிக்கொள்ள அந்த அளவாவது இடம் விட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அந்த அண்ணன்தான்.