ஒன்று குறைத்து எழுதியது

பெர்த் நகரில் நாங்கள் இருக்கும் வீட்டின் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் தொங்குகிறது. என் பேத்தி அபி கண் விழித்தது முதல் படுக்கப் போவது வரை என்ன தின்றாள், எத்தனை தின்றாள், எத்தனை மணிக்குத் தின்றாள் என்று அதில் எழுத வேண்டும். ஏழு பத்திகள், பதினான்கு வரிகள், ஆக மொத்தம் தொண்ணூற்றெட்டுக் கட்டங்கள். நீச்சல் கழகத்தின் பயிற்சியாளர் டெப்ரா கொடுத்தனுப்பியது. நம் ஊரில் ஒரு பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் அதன் தட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் மரியாதை. இங்கே பார்க்க வேண்டும், எண்ண வேண்டும், எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் வேண்டும்.

அபிக்குப் பதின்மூன்று வயது. வாரத்தில் ஆறு நாள் நீந்துகிறாள், அதில் நான்கு நாள் விடியற்காலை. நால்வர் தொடர் நீச்சல் அணியில் அவள்தான் கடைசி ஆள். இரண்டு மாதமாகக் கடைசி ஐம்பது மீட்டரில் அவள் கை தளர்ந்துவிடுகிறது. பிள்ளை போதுமான அளவு சாப்பிடுவதில்லை என்று டெப்ராவுக்குச் சந்தேகம். இரண்டு வாரம் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் மாநிலப் போட்டிக்கு இவளை வைத்துக்கொள்வதா என்று சொல்வேன் என்றாள். அன்று மாலை அபி தட்டில் இருந்ததைப் பேசாமல் தின்றாள். அவள் பேசாமல் தின்று நான் பார்த்தது அது ஒரு நாள்தான்.

ஏனென்றால் அவளுக்குப் பசி எவ்வளவு உண்டோ அவ்வளவு சட்டமும் உண்டு. ஈரமான பண்டம் உலர்ந்ததைத் தொடக் கூடாது. சாம்பார் இட்லிக்கு இரண்டு விரல் தள்ளியே நிற்க வேண்டும். பச்சையாக எதுவும் கண்ணில் படக் கூடாது. கூட வரும் தோழிகள் இரண்டு பேரும் காரில் இருப்பதால் டப்பாவைத் திறந்தால் மணக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கம் சொல்ல வேண்டிய எதையும் கட்டிக் கொடுக்கக் கூடாது.

"புட்டு வச்சுத் தரட்டா மக்கா?"

"வேண்டாம் தாத்தா. அது என்னன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு."

"சொன்னா, கொஞ்சம் குடுன்னு கேப்பாங்க. அப்புறம் எனக்குக் கிடைக்காது."

தாளை நிரப்ப வேண்டியவள் என் மகள் சுஜா. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிக்குள் போன தண்ணீரையும் வெளியே வந்த தண்ணீரையும் மில்லிலிட்டரில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். தாளைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இத நான் எழுத மாட்டேன்ப்பா. பிள்ள தின்னத எண்ணி எழுதுனா கண்ணு பட்டிரும்."

"ஆஸ்பத்திரியில எழுதுகியே?"

"அது வேற. அவங்க முன்னயே சீக்காளி."

அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் சுஜா எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். நாகர்கோவிலில் மாவட்டப் போட்டி. முந்தின நாள் அஞ்சுகிராமத்திலிருந்து என் மனைவியின் சித்தி வந்திருந்தாள். சுஜா ஆப்பம் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எம்மா, ஏழு ஆப்பமா ஏட்டி? நல்ல வயிறுதான்" என்றாள். மறுநாள் சுஜா ஓடினாள். மைதானத்தில் அல்ல, வீட்டுப் புறவாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே, பதினொரு தடவை. ஏழாவது ஆப்பம்தான் காரணம் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். சித்திதான் காரணம் என்று சுஜா இன்றைக்கும் சொல்கிறாள்.

என் கட்சி வேறு. நான் முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் கணக்கெடுப்பில் இருந்தவன். தென்னை, மாடு, கோழி என்று ஊர் ஊராகப் போய் எண்ணுவதுதான் வேலை. எத்தனை மாடு என்று கேட்டால், "என்னமோ ரெண்டு கெடக்கு சார்" என்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது மாடு என்னைப் பார்த்தபடி அசைபோடும். அது என்ன என்றால், "அது கன்னுக்குட்டி சார்." அந்தக் கன்றுக்குட்டியின் மடியில் அதன் கன்று முட்டிக்கொண்டிருக்கும். நான் ஒன்றும் பேசாமல் ஒன்று கூட்டி எழுதிக்கொள்வேன். சொல்கிறவர் ஒன்று குறைப்பார், கேட்கிறவர் ஒன்று கூட்டிக்கொள்வார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. மாவட்டத்துக் கணக்கு சரியாகவே வந்துகொண்டிருந்தது.

"நான் எழுதுகேன். எல்லாத்துலயும் ஒண்ணு கொறச்சு எழுதுகேன்" என்றேன்.

சுஜா யோசித்தாள். "அப்பிடின்னா சரி" என்று பேனாவை என்னிடம் தந்தாள்.

பதினான்கு நாளும் ஒழுங்காக எழுதினேன். நான்கு இட்லி தின்றால் மூன்று. இரண்டு முட்டை என்றால் ஒன்று. ஊரில் ஏத்தன் என்று சொல்லும் நேந்திரம் பழத்தை ஒருநாள் அவித்துக் கொடுத்தேன். முழுப் பழத்தையும் தின்றாள். ஒன்றில் ஒன்று போனால் மீதி எதுவும் இல்லை. ஆனாலும் கட்டத்தை வெறுமையாக விட மனம் வராமல், 'பழத்தைப் பார்த்தாள்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். வாசிக்கிறவர் புரிந்து கூட்டிக்கொள்வார் என்ற நம்பிக்கைதான்.

பதினைந்தாம் நாள் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. நானும் சுஜாவும் அபியும் போனோம். டெப்ராவும், சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். மேசையில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் டெப்ரா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை கேட்பதற்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. தட்டு சுஜாவிடம் போனது. அவளும் வேண்டாம் என்றாள். தட்டு அலமாரிக்குப் போய்விட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாம் சொல்வதோடு எதையும் கூட்டிக்கொள்ளும் வழக்கம் இந்த ஊரில் கிடையாது.

"தாணு, வீட்டில் சாப்பாட்டுக்குச் சிரமம் இருக்கிறதா? சொல்ல வெட்கப்பட வேண்டாம், உதவி ஏற்பாடு செய்யலாம்" என்று டெப்ரா என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அவள் விரல் 'பழத்தைப் பார்த்தாள்' என்ற கட்டத்தின் மேல் இருந்தது.

வீட்டில் இருபது கிலோ மூட்டையாக மூன்று மூட்டை அரிசி இருக்கிறது. "சாப்பாடு நிறைய இருக்கிறது, எழுத்துதான் குறைவு" என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படிவம் நிரப்ப உங்களுக்கு ஆள் யாராவது உதவ வேண்டுமா என்று ஆலோசனைப் பெண் கனிவாகக் கேட்டாள். முப்பத்தொரு வருஷம் படிவம் நிரப்பியவனிடம்.

டெப்ரா அபியைப் பார்த்து, இந்த அளவு சாப்பாட்டோடு உன்னைத் தண்ணீரில் இறக்க எனக்குத் தைரியம் இல்லை என்றாள். அபி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, உள்ளதச் சொல்லுங்க. என்னை எடுத்துருவாங்க."

நான் சுஜாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லுங்கப்பா. சீக்கிரமாச் சொல்லி முடிங்க."

சொன்னேன். குறைத்து எழுதியது தாளில்தான். உண்மையான எண்ணிக்கை பதினான்கு நாளுக்கும் என் தலைக்குள் இருந்தது. முதல் நாள் நான்கு இட்லி, பள்ளி விட்டு வந்ததும் ஆறு ரொட்டி, இரவு மூன்று கரண்டிச் சோறும் இரண்டு முட்டையும். இரண்டாம் நாள் ஐந்து தோசை. மணி உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஆலோசனைப் பெண் எழுதி எழுதிக் கையை உதறிக்கொண்டாள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்து நாற்காலியிலிருந்து 'தூ, தூ' என்று சன்னமாகச் சத்தம் வந்தது. மகளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து டெப்ரா தண்ணீர் கொடுத்தாள்.

எழுதியதை இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்தார்கள். அளவில் ஒரு குறையும் இல்லை, நேரம்தான் தப்பு என்றார்கள். விடியற்காலை வெறும் வயிற்றில் நீந்துகிறாள். நீந்தி முடித்துப் பத்து மணி இடைவேளைக்குத்தான் முதல் கவளம். மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள் மீதி மலை முழுவதும். தண்ணீரில் இறங்குவதற்கு அரை மணி முன்னால் சின்னதாக ஒன்று, ஏறியதும் ஒன்று. இது நடந்தால் அவள் அணியில் இருக்கட்டும் என்றாள் டெப்ரா. நான் மணியையும் சேர்த்துத்தான் ஒப்பித்தேன். எண்ணுகிற மும்முரத்தில் மணி எழுதிய பத்தியை நான் ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுஜா முதல் வேலையாக அபிக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை எச்சரிக்கை மணிகள் மூன்றும் ஒன்றாக அலறின. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். சமைக்கவில்லை, பிள்ளையின் நன்மைக்கு என்றேன். இன்றுவரை அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அழைப்பை ஏற்றுக்கொள்ளவில்லை.

அபியின் சட்டத்துக்குள் அடங்கும் பண்டம் எது என்று மூன்று நாள் யோசித்தேன். காரில் ஏறியதும் அவித்த ஏத்தன் பழம் பாதி. மணக்காது, ஈரமில்லை. நீந்தி ஏறியதும் முந்திரிக்கொத்து. பெயரில் முந்திரி இருந்தாலும் அதில் முந்திரி கிடையாது. வறுத்த சிறுபயற்றைப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரிப்பது. ஈரம், இனிப்பு, பச்சைப்பயறு எல்லாம் உள்ளே அடங்கிவிடும், வெளியே உலர்ந்த ஓடு மட்டும். முதல் நாள் டப்பா காலியாக வந்தது.

"ஏட்டி, கூட்டுக்காரிங்க கேக்கலியா?"

"கேட்டாங்க. தாத்தாவோட மருந்துன்னு சொல்லிட்டேன்."

அடுத்த வாரம் தோழியின் அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு இப்போது தேவலையா என்று விசாரித்தாள். தேவலை என்றேன்.

மாநிலப் போட்டியில் அபி நீந்தினாள். கடைசி ஐம்பது மீட்டரில் கை தளரவில்லை. எத்தனையாவதாக வந்தார்கள், எத்தனை வினாடி குறைந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

இப்போது குளிர்பெட்டிக் கதவில் இரண்டு தாள்கள் தொங்குகின்றன. ஒன்று ஆங்கிலத்தில், உள்ளது உள்ளபடி, டெப்ராவுக்கு. இன்னொன்று தமிழில், ஒன்று குறைத்து, எங்களுக்கு. இரண்டும் என் கையெழுத்துதான். கதவைத் திறக்கும்போது ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். இந்தக் கட்டுரையை எந்தத் தாளைப் பார்த்து எழுதினேன் என்று நீங்கள் கேட்கலாம். டெப்ரா தட்டை எட்டிப் பார்த்தால் எனக்குப் பயமில்லை, அவளுக்குக் கண் போடத் தெரியாது. நீங்கள் நம் ஆட்கள், உங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே அபி தின்றதாக மேலே வரும் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டும்போது முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள்.