தேய்ந்த வலது செருப்பு

என் சின்ன மகள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். அவளுக்கு நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்கிற நோய். டாக்டர் அதை எம்.எஸ். என்பார். வருஷம் ஒரு தடவை ஸ்கேன் எடுப்பார்கள். நோய் அரித்த இடம் படத்தில் புள்ளியாகத் தெரியும்; புதுப் புள்ளி விழவில்லை என்றால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம்.

முதல் வருஷம் தலையையும் முதுகையும் எடுத்தார்கள். முதுகுக்கு இன்னொரு முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். கம்பெனியில் கிடைப்பதோ அரை நாள் லீவு. அடுத்த வருஷம் ஸ்கேன் எடுப்பவரிடம், "தலை மட்டும் போதும்ணே, போன தடவ புள்ளி இருந்ததே அங்கதான்" என்று சொல்லி, தலையை எடுத்ததும் எழுந்து வேலைக்கு ஓடினாள். அதற்கடுத்த வருஷமும் அதே கதை. படம் சுத்தம், புதுப் புள்ளி இல்லை.

"மருந்து நல்லா கேக்குது. வேலை செய்ய முடியுதா?" என்றார் டாக்டர்.

"முடியுது சார்."

முடிந்ததுதான். எப்படி முடிந்தது என்று அவரும் கேட்கவில்லை, இவளும் வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செருப்பைக் கழுவினேன். வாங்கி நாலு மாசம்கூட ஆகவில்லை. இடது அப்படியே இருக்கிறது. வலதில் பெருவிரல் வைக்கும் இடம் ஓட்டை.

"ஏண்டி, வலது கால இழுத்து இழுத்தா நடக்குற?"

"செருப்பு மட்டம்மா."

"இடது என்ன, வேற கடையில வாங்குனியா?"

சிரித்தாள். பிறகு அழுதாள். ஒரு வருஷமாக மிஷின் பெடலை இடது காலால்தான் மிதிக்கிறாளாம். பக்கத்து மிஷின்காரி, "என்னக்கா, வலது காலுக்கு லீவு குடுத்துட்டீங்களா?" என்று கேலி பேசுவாளாம்.

அந்தச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேஜைமேல் வைத்தேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் செருப்பை எடுக்கவில்லை.

"முதுகயும் எடுங்க சார். எடுக்காம நான் இந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

டாக்டர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அவள் காலைத் தட்டிப் பார்த்தார். பழைய படங்களையும் புரட்டினார். முகம் சுருங்கிவிட்டது.

தலை இந்தத் தடவையும் சுத்தம். கழுத்துத் தண்டுவடத்தில் இரண்டு புள்ளி, நடு முதுகில் ஒன்று. மூன்றும் புதுசு.

"மருந்து கேக்கலம்மா. முன்னாடியே முதுகப் பாத்திருந்தா அப்பவே மாத்தியிருக்கலாம். நானும் கேட்டு எடுக்க வச்சிருக்கணும்" என்றார்.

வீரியமான மருந்துக்கு மாற்றினார்கள். ஆறு மாசம் கழித்து எடுத்த முதுகுப் படத்தில் புதுப் புள்ளி இல்லை.

"அப்ப கால் சரியாயிடுமா சார்?" என்றேன்.

"போனது திரும்புறது கஷ்டம்மா. இனிமே போகாம பாத்துக்கலாம்."

அதற்குள் இடது காலும் தளர்ந்துவிட்டது. கம்பெனியில் அவளை மிஷினிலிருந்து எழுப்பி, பிசிறு நூல் வெட்டும் மேஜையில் உட்கார வைத்தார்கள்.

அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறித்த அன்று கேட்டேன், "லீவு சொன்னியாடி?"

"முழு நாளும் குடுத்துட்டாங்கம்மா" என்றாள், கைத்தடியைச் சுவரில் சாய்த்துக்கொண்டே. "நூல் வெட்டுறவள யாரு தேடப் போறாங்க?"